கூலிக்குப் பொருள் சொன்ன கிராணி

பெஞ்சைத் துடைப்பதற்கென்றே அவர் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். தார் ஊற்றும் வேலைக்காரர் யாராவது மனு எழுத வந்து உட்கார்ந்து எழுந்துபோனால் போதும், மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் துணி வெளியே வரும். ஆள் நாலு எட்டு வைப்பதற்குள் துடைத்துவிடுவார். அவன் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றுதான் துடைப்பார். துடைத்து முடித்ததும் அடுத்தவனிடம் இனிமையாகக் கேட்பார், "கூலின்னா என்னா அர்த்தம் தெரியுமா உனக்கு?"

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் முன்னால், கடைவரிசை நெடுக ஓடும் நடைபாதையில் அவர் மேசை கிடந்தது. அந்த நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். மற்ற நாட்களில் அவர் ஒரு கண்டிராக்டரின் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சனி, ஞாயிறில் மட்டும் அஞ்சடிக்கு வந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பார். எல்லோரும் கிராணி என்றே கூப்பிட்டோம். அவருக்கு அப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. இங்கே 'அவர்' என்று எழுதுவதும் மரியாதைக்கு இல்லை, பழக்கத்துக்குத்தான்.

பக்கத்து மிளகாய் மில்லில் நான் வேலை பார்த்தேன். நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே அவர் பேச்சைக் கேட்பது என் தலையெழுத்து. என்னை அவர் "மிளகாய்க்காரி" என்பார். என் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. நான் இங்கேயே பிறந்தவள் என்பதும், ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் மூன்று வருடம் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் ஆங்கிலம் படித்தவள் என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் சொல்லத்தான் பிறந்தவர், கேட்க அல்ல.

கூலிக்கு அவர் சொன்ன பொருளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பொறாமைக்காரி என்பார்கள்.

"செஞ்ச வேலைக்குக் குடுக்கிற காசுதான்பா கூலி. அது காசோட பேரு. வெள்ளைக்காரன் நம்ம ஆளுங்களைக் கப்பல்ல ஏத்துனான். காசைக் கொறச்சுக் குடுத்துட்டு, காசோட பேரை மட்டும் ஆளுக்கு முழுசா வச்சிட்டான்."

நல்ல பேச்சு. ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவருடைய பெஞ்சில் இருந்த கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து வாரம் கேட்ட பிறகுதான் ஆள் மாறினால் பொருளும் மாறுகிறது என்பது தெரிந்தது. எதிர்க்கடை முஸ்லிம் வியாபாரி வந்தால் கூலி துருக்கியிலிருந்து வந்துவிடும். துருக்கியில் 'குல்' என்றால் அடிமையாம். கோப்பிக்கடைச் சீனன் கோப்பி கொண்டுவந்து வைத்தால், சீனத்தில் அதைக் 'கசப்பான பலம்' என்று எழுதுகிறார்கள் என்பார். குஜராத்தில் கோலி என்று ஒரு சாதி இருப்பதாகவும், சொல் அங்கிருந்துதான் புறப்பட்டது என்றும் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு வந்தவர் படித்த மனிதர், வக்கீல் ஆபீசில் வேலை. தமிழ்ச்சொல் என்று சொன்னால் மதிப்பாரோ மாட்டாரோ என்று கிராணிக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கூலிகள். அவர்களிடமே அவர்களுடைய பெயர் எந்தெந்த ஊர் சுற்றி வந்தது என்று விளக்கிவிட்டு, எழுந்துபோனதும் பெஞ்சைத் துடைப்பார். இந்த மனிதனை என்னவென்று சொல்வது.

தன்னைப் பற்றியும் சொல்லுவார். "எங்க வீடு நாகப்பட்டினத்துல. மாடியில நின்னா கடல் தெரியும். எங்கப்பா கப்பல் ஏஜண்டு. ஆளுங்களை ஏத்திவிடறது அவர் கையிலதான்." ஏற்றிவிட்டவரின் மகன், ஏறி வந்தவர்களுக்கு மனு எழுதுகிறாராம். அவ்வளவு பெரிய மனசு.

அந்தக் கண்ணைத் துடைத்த கிழவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஜோகூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்து, மகனோடு இங்கே வந்து இருந்தவர். உதவிப்பணம் கேட்டு மனு எழுத வந்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கிராணி கேட்டதற்கு, "சஞ்சிக்கூலிங்க" என்றார். சஞ்சி என்பது மலாய்க்காரர் சொல். வாக்குக் கொடுப்பது என்று பொருள். ஒப்பந்தக் காகிதத்தில் கைரேகை வைத்துக் கப்பலேறி, இத்தனை வருடம் தோட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள்.

கிராணிக்கு முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே. ஒப்பந்தத் தொழிலாளின்னு சொல்லுங்க. நாலு பேரு கேட்டா நம்ம எல்லாருக்கும் கேவலம்."

"அடி வாங்குனது என் முதுகு கிராணி. ஒங்களுக்கு எங்கேருந்து கேவலம் வருது?"

கிராணி பேனாவை மூடினார். அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் எழுதிக் கொடுக்கவில்லை. பதில் சொல்லத் தெரியாத கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். அது கோபம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியவர எத்தனையோ வருடம் ஆயிற்று.

என் வீட்டுக்காரர் யுத்தம் முடிந்த பிறகு மன்னார்குடிப் பக்கமிருந்து வந்தவர். ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். வெளியிலிருந்து வந்தவர்களும் குடியுரிமைக்குப் பதியலாம், இத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று கவர்மெண்டு சொன்ன சமயம் அது. குடியுரிமை இருந்தால்தான் வேலை நிலைக்கும், இல்லாதவனை என்றைக்காவது கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரே பேச்சு. என் வயிற்றில் அப்போது இரண்டாவது பிள்ளை. அவரை ஏற்றிவிட்டால் நான் எந்த ஊருக்குப் போவேன். மன்னார்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

கிராணியின் மேசையில் கூட்டம் தாங்கவில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்துப் பேரை இரண்டு பெஞ்சில் சேர்த்து உட்காரவைத்து, ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவார். எந்த ஊர்? பத்துப் பேரும் சொல்வார்கள். எந்த வருஷம் வந்தே? பத்துப் பேரும் சொல்வார்கள். ஒரே மூச்சில் பத்துப் பாரம், அதாவது பத்து விண்ணப்பத் தாள், முடிந்துவிடும். ஒவ்வொருவனையும் தனியாகக் கேட்க அவருக்குப் பொறுமை கிடையாது.

என் வீட்டுக்காரர் போன அன்று நான் மில்லுக்குப் போகவில்லை. மசக்கை. சாயங்காலம் வந்தவர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தார்.

"கூலின்னு எழுதல புள்ள. நாடோடித் தொழிலாளின்னு எழுதியிருக்காராம். இங்கிலீஷ்ல பெரிய பெரிய வார்த்தையாப் போட்டிருக்கார்."

"நீங்க எங்க நாடோடுனீங்க? லைன் வீட்டுக்கும் ரோட்டுக்குமா?"

"ஒனக்கு அதெல்லாம் புரியாது" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார்.

ஐந்து மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியில் வைத்திருந்த கார்பன் காப்பியை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். கன்னியாஸ்திரீகள் புண்ணியம். என் புருஷன் பரம்பரையாக அலைந்து பிழைக்கும் நாடோடித் தொழிலாளி என்றும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தாயகம் போய் மீண்டு வரும் பறவை என்றும் கிராணி எழுதியிருந்தார். பறவை என்றே எழுதியிருந்தார். நிலையாக இங்கேயே இருந்தவனுக்குக் கொடுக்கிற உரிமையை எந்த ஆபீசர் பறவைக்குக் கொடுப்பான்?

காப்பியை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போனேன். என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று, உட்கார்ந்திருந்தால் துடைத்திருப்பார்.

"என்னாங்க இப்படி எழுதி வச்சிருக்கீங்க? அவரு வந்து பதினோரு வருஷம் ஆகுது. ஒருதரம்கூட ஊருக்குப் போகல."

"ஒம்புருஷன் சொன்னதைத்தான் எழுதுனேன். மூணு வருஷத்துக்கு ஒருதரம் போறேன்னு பத்துப் பேரு முன்னால சொன்னான். போறவன் வர்றவன் நாடோடிதானே. ஒனக்கு அந்த வார்த்தையோட சரித்திரம் தெரியுமா?"

"சரித்திரம் கெடக்கட்டும். தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அவரை அனுப்பிட்டாங்கன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்."

"நான் எழுதுனதுல ஒரு எழுத்துத் தப்புன்னு எவனும் சொன்னதில்ல" என்றார். அப்புறம் மஞ்சள் துணியை எடுத்து, யாரும் உட்காராத பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போகலாம் என்று அர்த்தம்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற நாலு வரி போதும். தான் தப்பு செய்ததாக ஆகிவிடும் என்பதற்காக அந்த நாலு வரியை எழுத மாட்டேன் என்றார். அவரை நான் வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இன்றைக்கும் அந்த வெறுப்பில் பெரிய குறைவு இல்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை உலுக்கினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முன்னால ஆறு பேரு சொன்னாங்க புள்ள. ஒருத்தன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரங்கறான், ஒருத்தன் போன தீவாளிக்குப் போனேங்கறான். நான் மட்டும் எப்படிச் சொல்றது போகவே இல்லன்னு? பெத்தவளைப் பாக்காதவன்னு காறித் துப்ப மாட்டானுங்க?"

கடல் தாண்டி வந்தவன் ஊருக்குப் போய்வந்தால்தான் மனிதன். பெட்டி நிறையச் சாமானோடு போய் இறங்க வேண்டும். போகாதவன் ஒன்று குடிகாரன், இல்லை ஊரை மறந்தவன். இப்படித்தான் லைனில் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் கப்பலுக்குச் சேர்த்ததையெல்லாம் மூன்று தங்கைகளின் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். அதைப் பெஞ்சில் உட்கார்ந்து விளக்கவா முடியும்? தனியாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். அந்த ஆறு பேரில் எத்தனை பேர் உண்மை சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

இரண்டாவது தடவை நானே பாரத்தை எழுதினேன். வேலை என்ற இடத்தில் 'கூலி' என்று, கான்வென்டில் சொல்லிக்கொடுத்த அச்செழுத்தில் எழுதினேன். ஆபீசில் நேரில் கூப்பிட்டார்கள். பெரிய ஹால், பெஞ்சு நிறைய ஆட்கள், அதில் பாதிப் பேர் என் வீட்டுக்காரரோடு தார் ஊற்றுகிறவர்கள். சீன ஆபீசர் ஆங்கிலத்தில் கேட்க, தமிழ் மொழிபெயர்ப்பாளர் உரக்கத் தமிழில் கேட்டார். உரக்கக் கேட்பதுதான் அவர் வேலை.

"வந்ததுலேருந்து எத்தனை தடவை ஊருக்குப் போனீங்க?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒருதடவையும் போகலிங்க."

"பன்னண்டு வருஷத்துல? அம்மா அப்பா இல்லியா?"

"அம்மா இருந்தாங்க. செத்துட்டாங்கன்னு தந்தி வந்துச்சு. அப்பவும் போகல. போக முடியல."

பெஞ்சில் இருந்த தார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஆபீசரைப் பார்த்து இரண்டே வார்த்தையில் அதை முடித்தார். 'நெவர் வெண்ட்.' ஆபீசர் பாரத்தில் ஒரு கோடு போட்டார். வெளியே வந்து டிராலி பஸ்ஸுக்கு நின்றோம். என் வீட்டுக்காரரின் கையை நடுரோட்டில் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் அவரை நான் மனதார மதித்தது அப்போதுதான்.

குடியுரிமை கிடைத்தது. கிடைத்த மறு வாரமே கிராணி அஞ்சடியில் பேசிக்கொண்டிருந்தார், "மொத மனு ஸ்ட்ராங்கா எழுதுனதாலதான் ரெண்டாவது மனு நின்னுச்சு. மிளகாய்க்காரி புருஷனுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்." தும்மல் வந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் குவீன்ஸ்டவுனில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டோம். மில் வேலையையும் விட்டேன். கிராணியை மறந்தேபோனேன் என்று சொன்னால் பொய். யாராவது பெஞ்சைத் துடைத்தால் நினைவு வரும்.

ஜோகூர் ஒரு நாடு, நாங்கள் ஒரு நாடு என்று தனியாகப் பிரிந்து இரண்டொரு வருடம் இருக்கும். குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஆறு மாடி ஏறிய மூச்சு வாங்க, கிராணி நின்றார். சட்டை அதே வெள்ளைதான், காலர் மட்டும் நைந்திருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். போடும் முன் நான் அதைத் துடைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு வளர்ப்பு உண்டு.

"கண்டிராக்டர் பெர்மிட் இல்லாதவங்களை வேலையிலேருந்து எடுத்துடப் போறாராம்" என்றார். "நான் அப்பவே பதியல. நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன். இப்ப பதியலாம்னு இருக்கேன். என்னைத் தெரியும்னு சிட்டிசன் ரெண்டு பேரு சொல்லணும்லா. ஒரு ஆளு இருக்காரு. இன்னொண்ணு நீ."

சிராங்கூன் ரோடு முழுக்க அவரைத் தெரியும். கடை முதலாளிகள் நாற்பது பேர் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களை விட்டு, பஸ் பிடித்து, ஆறு மாடி ஏறி, மிளகாய்க்காரியிடம் ஏன் வந்தார் என்று யோசித்தேன். அதற்குள் அவரே பையிலிருந்து பாரத்தை எடுத்தார். அதோடு ஒரு பழைய காகிதம். அப்புறம் ஒரு மைப்பெட்டி.

"இங்க ஒரு கைரேகை வச்சாப் போதும்" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதற்காகத்தான் என்னிடம் வந்திருந்தார். அன்றைக்குக் கார்பன் காப்பியை யாரோ எனக்குப் படித்துச் சொன்னார்கள், இரண்டாவது பாரத்தை யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்றே நினைத்திருக்கிறார்.

பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவருடைய பிறப்புப் பத்திரம். நாகப்பட்டினம் இல்லை. ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டம். அவர் பெயர், அப்பா பெயர். அதற்குக் கீழே அப்பாவின் தொழில் என்ற இடத்தில், வெள்ளைக்காரத் துரை யாரோ கோணல் எழுத்தில் எழுதிய ஒரே சொல். அதன் சரித்திரத்தைத்தான் துருக்கி, சீனம், குஜராத் என்று வருடக்கணக்காக இந்த மனிதர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முதுகில் அடி வாங்கிய கிழவரைப் பேனாவை மூடித் திருப்பி அனுப்பியதும் இதற்காகத்தான்.

அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வரிவரியாக நகர்வதைப் பார்த்திருப்பார். கட்டைவிரல் தானாக வந்து அந்தச் சொல்லின் மேல் உட்கார்ந்தது.

"ஒனக்கு... வாசிக்கத் தெரியுமா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் கோப்பித் தம்ளரோடு நின்றார்.

"ஒங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு நீங்களே வாயால சொல்லுங்க கிராணி" என்றேன். "சொன்னீங்கன்னா கைரேகை எதுக்கு, இங்கிலீஷ்லயே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் வாயைத் திறந்தார். கூலிக்கு அத்தனை பொருள் சொன்ன வாய். கோப்பி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

"போட்டுக் குடுத்துடு புள்ள, பாவம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் போடவில்லை. ஹாலில் நூறு பேர் முன்னால் என் புருஷன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. இவருக்கு இரண்டே பேர், அதில் ஒருவர் வாய் பேசாதவர். இதுகூட முடியாதா என்று வீம்பு எனக்கு. சொல்லியிருந்தால் போட்டிருப்பேன், சத்தியமாக.

கிராணி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாகப்பட்டினத்துல எங்க வீடு சும்மாதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். மைப்பெட்டியை மறந்து வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துக் கப்பலேறினார். பத்திரங்களை எப்படித் தயார் செய்தாரோ, காகிதம் எழுத அவருக்கா தெரியாது. அஞ்சடிக்காரர்கள் மாலை போட்டு, சொந்த ஊருக்குப் போகிறார் என்று வழியனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் போய்த்தான் ஆகவேண்டும் என்றார், நானும் போனேன். கழுத்து நிறைய மாலையோடு கிராணி ஏணியில் ஏறினார். ஐம்பது வயதுக்கு மேல், கண்ணால் பார்த்திராத ஊருக்கு, யாரும் இல்லாத ஊருக்கு. மேலே போய் எல்லோருக்கும் கை காட்டினார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "அன்னிக்கு அந்தத் தாள்ல அப்படி என்னதான் புள்ள இருந்துச்சு?"

"அவங்கப்பா வேலையைப் போட்டிருந்துச்சு. கூலின்னு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

குவீன்ஸ்டவுன் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.